சிவப்பணுவுக்கு வரும் ஆணை



நம் உடலிலே ஓயாது நடைபெறும் தொழில்கள் பல. அவற்றுள் மிகப் பெரியது யாது என்று என்னைக் கேட்டால், இரத்தச் சிவப்பணுக்களைப் படைக்கும் தொழிலே என்று கூறுவேன். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய குருதியிலே ஏறத்தாழ 25 இலட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்தவை அழிகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை பிறக்கின்றன. கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி, அதாவது விநாடிக்கு 20 இலட்சத்துக்கு மேல், புதிய அணுக்கள் பிறந்தாக வேண்டும். நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஒவ்வொருவருடைய எலும்பினுள்ளும் ஏறக்குறைய ஒரு கோடி அணுக்கள் தோன்றிவிடுகின்றன.

இத்துணைப் பெரிய தொழிற்சாலையிலே உற்பத்தி குறைதலும் ஆகாது, மிகுதலும் ஆகாது. குறைந்தால் சோகை நோய் வரும். மிகுந்தால் குருதி தடித்துக் குழம்பாகி, நாளங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அங்ஙனமாயின், இன்றைக்கு இத்தனை வேண்டும் என்று அளந்து சொல்பவர் யார்? சொன்ன சொல்லைக் கேட்டு நடப்பது எது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண அறிஞர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் கண்ட விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தூத்துக்குடிக் கரையிலே வாழும் நமக்கு இந்தப் பொருள் அந்நியமானதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் உலகப் புகழ் பெற்றவை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இவ்வழியே வந்த மார்க்கோ போலோ இக்கடலின் முத்துக்குளிப்பைக் குறித்து எழுதி வைத்தான். நம் ஊருக்கு அருகே கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. பின்னர் 1973-இல் இங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் சிப்பியை வளர்த்து அதிலே முத்தை விளைவித்துக் காட்டினார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோயினும் சங்கு குளிக்கும் தொழில் இன்றும் நம் கரையில் உண்டு.

முற்காலத்துக் குளிப்பாளர் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பத்து மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடம், சில வேளை அதற்குச் சற்று மேலும், அங்கே தங்கிச் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலே வருவார். அந்த ஒரு நிமிடமும் அவருடைய உயிரைக் காப்பது எது? நுரையீரலில் அடைத்து வைத்த காற்று ஒரு பங்கு; குருதியிலே கரந்து வைத்த பிராணவாயு மற்றொரு பங்கு. பிராணவாயுவைச் சுமப்பது சிவப்பணுவினுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச் சத்துள்ள புரதம். ஓர் அணுவிலே ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளை ஏற்றிச் செல்லும். தோணி நிறையச் சரக்கு இருந்தால் அன்றோ பயணம் இனிதாகும்?

மூச்சை அடக்கியவுடன் உடல் செய்யும் முதல் உபாயம் வியப்பானது. மண்ணீரல் என்னும் உறுப்பிலே சிவப்பணுக்கள் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மூச்சு நின்றதும் மண்ணீரல் சுருங்கி, அவற்றைக் குருதியிலே பிழிந்து விடுகிறது. ஜப்பான் நாட்டிலே கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் 'ஆமா' என்னும் பெண்களை 1990-இல் ஆராய்ந்தபோது, அவர்கள் பலமுறை மூழ்கியபின் மண்ணீரல் ஐந்தில் ஒரு பங்கு சிறுத்திருந்தது. குருதியின் ஹீமோகுளோபின் பத்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. இந்தோனேசியாவின் கடலோடிகளான பஜாவு மக்களுக்கு அண்டை நிலத்து மக்களைவிட மண்ணீரல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது என்று 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது.

ஆனால் மண்ணீரல் செய்வது சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. புதிதாகச் சம்பாதிக்கும் வேலை வேறிடத்தில் நடக்கிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், கரையிலே அமர்ந்தபடியே சிலரைப் பதினைந்து முறை இயன்ற அளவு மூச்சை அடக்கச் செய்தார்கள். சில மணி நேரத்துக்குப் பின் அவர்களுடைய குருதியிலே ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் சராசரியாக நூற்றுக்கு 24 பங்கு உயர்ந்திருந்ததை 2008-இல் அறிவித்தார்கள். அந்த ஹார்மோனின் பெயர் எரித்ரோபாய்ட்டின். கிரேக்க மொழியிலே 'சிவப்பை ஆக்குவது' என்பது அதன் பொருள். நாம் தேடும் ஆணை இதுவே.

இதனைக் கண்டுபிடித்த வரலாறு பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1890-இல் பிரான்சு நாட்டு வியோல் என்பவர் பெரு நாட்டின் மலையுச்சியிலுள்ள மொரொகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்றார். கடல் மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இடம் அது. அங்கே தங்கிய சில வாரங்களுக்குள் தம் குருதியின் ஒரு கன மில்லிமீட்டரில் இருந்த சிவப்பணுக்கள் 50 இலட்சத்திலிருந்து 70 இலட்சத்துக்கு மேல் ஏறியதைக் கண்டார். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, குருதியின் நீர்ப்பங்கு குறைவதால் வருவது என்று இன்று அறிவோம். ஆயினும், மெலிந்த காற்று சிவப்பணுக்களைப் பெருக்குகிறது என்ற உண்மை அன்றே நிலைபெற்றது.

அடுத்து 1906-ஆம் ஆண்டு. வ.உ. சிதம்பரனார் நம் தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த அதே ஆண்டில், பாரிஸ் நகரத்தில் கார்னோ என்னும் பேராசிரியரும் தெஃப்லாந்தர் என்னும் அவருடைய மாணவியும் ஒரு சோதனை செய்தனர். இரத்தம் எடுக்கப்பட்ட முயலின் குருதிநீரை வேறொரு முயலுக்குச் செலுத்த, அந்த இரண்டாம் முயலுக்கும் சிவப்பணுக்கள் பெருகின என்றனர். குருதியிலே ஏதோ ஒரு பொருள் செய்தி சுமந்து செல்கிறது என்பது அவர்கள் துணிபு. பிறர் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது பல இடங்களில் பலிக்கவில்லை. ஆகவே அக்கருத்து நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாகவே கிடந்தது.

1950-இல் ரைஸ்மன் என்பவர் இரண்டு எலிகளின் உடல்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றை மட்டும் பிராணவாயு குன்றிய காற்றைச் சுவாசிக்கச் செய்தார். நல்ல காற்றைச் சுவாசித்த எலியின் எலும்பு மஜ்ஜையிலும் சிவப்பணு உற்பத்தி பெருகியது. செய்தி குருதி வழியே செல்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1953-இல் எர்ஸ்லெவ் என்பவர் முயல்களிலே அதனை உறுதி செய்தார். 1957-இல் சிகாகோ நகரத்து ஜேக்கப்சன் குழுவினர், எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, சிறுநீரகம் நீக்கப்பட்டபோது மட்டும் அந்தச் செய்தி பிறக்கவில்லை என்று கண்டனர். சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பே இரத்தத்தைப் பெருக்கும் ஆணையையும் பிறப்பிக்கிறது!

அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க வேண்டாவா? அதே சிகாகோவில் கோல்ட்வாசர் என்னும் வேதியியல் அறிஞர் 1955 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஜப்பானின் குமமோட்டோ நகரத்து மியாக்கே என்ற மருத்துவர், கடுஞ்சோகை கொண்ட நோயாளிகளின் சிறுநீரை 2,550 லிட்டர் அளவு திரட்டி, வற்றச்செய்து அவரிடம் கொண்டுவந்தார். அத்தனை லிட்டரிலிருந்தும் 1977-இல் கிடைத்த தூய ஹார்மோன் சில மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சில மில்லிகிராமை ஆதாரமாகக் கொண்டுதான் ஹார்மோனின் மரபணு கண்டறியப்பட்டு, பின்பு ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் அதனை மருந்தாக விளைவிக்க முடிந்தது.

இனி, சிறுநீரகம் பிராணவாயுவின் குறைவை எங்ஙனம் அறிகிறது என்பதைக் காண்போம். சிறுநீரகத்தின் சில உயிரணுக்களிலே எச்.ஐ.எஃப். என்று சுருங்க வழங்கும் ஒரு புரதம் இடைவிடாது உண்டாகிக்கொண்டே இருக்கிறது. பிராணவாயு போதுமான அளவு இருக்கும்போது, ஒரு நொதி அவ்வாயுவைக் கொண்டே அந்தப் புரதத்தின்மேல் ஓர் அடையாளம் இடுகிறது. அடையாளம் பெற்றது உடனே அழிக்கப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் அடையாளம் இட முடிவதில்லை, புரதம் பிழைத்திருக்கிறது, உட்கருவுக்குச் சென்று எரித்ரோபாய்ட்டின் மரபணுவை எழுப்புகிறது. கடுஞ்சோகையில் ஹார்மோனின் அளவு ஆயிரம் மடங்கு வரை உயர்தல் கூடும். இந்த நுட்பத்தைக் கண்ட செமன்சா, ராட்கிளிஃப், கேலின் என்னும் மூவருக்கு 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆணை பிறந்துவிட்டது. ஆனால் ஆணை பிறந்தால் போதுமா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆசிரியர் எத்துணை உரக்கச் சொன்னாலும், மாணவன் செவி கொடுத்தால்தான் சொல் பயன் தரும். உடலிலும் அவ்வாறே. எரித்ரோபாய்ட்டின் குருதியோடு உடல் முழுவதும் சுற்றி வருகிறது. ஆயினும் அதனைக் கேட்டு அணுவைப் பெருக்குவன எலும்பு மஜ்ஜையிலே சிவப்பணுவாக வளர இருக்கும் இளம் உயிரணுக்கள். ஏனெனில் அவற்றின் மேற்பரப்பில்தான் இந்த ஹார்மோனுக்கென்றே அமைந்த செவிகள் நிறைந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ரிசப்டர் எனப்படும் இவற்றைத் தமிழில் ஏற்பி எனலாம். இந்த ஏற்பியின் மரபணுவை 1989-இல் டிஆண்ட்ரியா, லோடிஷ், வாங் என்னும் மூவர் கண்டறிந்தனர்.

ஏற்பி ஒரு நீண்ட புரதம். அதன் ஒரு பகுதி உயிரணுவின் சவ்வுக்கு வெளியே நிற்கிறது. நடுப்பகுதி சவ்வை ஊடுருவுகிறது. வால்பகுதி உள்ளே தொங்குகிறது. ஓர் இளம் அணுவின்மேல் இத்தகைய ஏற்பிகள் ஆயிரம் அளவில்தான் உள்ளன. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்பவை. ஹார்மோன் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தால் ஓர் ஏற்பியை இறுகப் பிடிக்கிறது. மறுபக்கத்தால் இணை ஏற்பியைச் சற்றுத் தளர்வாகப் பிடிக்கிறது. இவ்விதம் பிடித்தவுடன் இரண்டு ஏற்பிகளும் நெருங்கி, தக்க கோணத்தில் திரும்பி நிற்கின்றன. செய்தி என்பது இந்தத் திருப்பமே.

ஹார்மோன் உள்ளே நுழைந்து செய்தியைச் சொல்வதில்லை என்பதை இங்கே கவனியுங்கள். கப்பலில் வந்த தூதன் துறைமுக வாயிலிலேயே நின்றுவிடுகிறான். அவன் கொண்டுவந்த ஓலை மட்டும் கைமாறிக் கைமாறி நகருக்குள் போகிறது. ஏற்பியின் வால்பகுதியிலே ஜாக்-2 என்னும் நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் இரு முகம் கொண்ட ஜேனஸ் என்னும் ரோமானியத் தெய்வத்தின் பெயரால் அமைந்த பெயர் அது. ஏற்பிகள் நெருங்கும்போது இரண்டு ஜாக்-2 நொதிகளும் எதிரெதிரே வருகின்றன. ஒன்று மற்றொன்றின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு குறியை இடுகிறது. அக்குறியால் விழிப்புற்ற நொதிகள் ஏற்பியின் வாலிலும் பல இடங்களில் அதே குறியை இடுகின்றன. அவ்விடங்களிலே ஸ்டாட்-5 என்னும் புரதம் வந்து அமர்ந்து தானும் குறி பெறுகிறது. குறி பெற்ற இரண்டு ஸ்டாட்-5 புரதங்கள் இணைந்து, உட்கருவுக்குள் சென்று, வேண்டிய மரபணுக்களை எழுப்புகின்றன. 1993-ஆம் ஆண்டிலே ஜாக்-2 நொதியின் பங்கு தெளிவாயிற்று.

அம்மரபணுக்கள் என்ன சொல்கின்றன? இங்கேதான் அறிஞர்களே எதிர்பாராத விடை கிடைத்தது. அவை அந்த இளம் அணுவுக்கு முதன்முதலில் சொல்வது, 'சாகாதே' என்னும் ஒரு சொல்லே. மஜ்ஜையிலே தேவைக்கு மிகுதியான இளம் அணுக்கள் எப்போதும் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. ஹார்மோனின் சொல் கேளாதவை தாமே மடிந்துபோகின்றன. கேட்டவை பிழைத்து, பிரிந்து, ஒரு வாரத்துக்குள் சிவப்பணுவாகின்றன. இளம் அணுக்களின் இந்தத் தன்மடிவை எரித்ரோபாய்ட்டின் தடுக்கிறது என்பதை 1990-இல் கௌரி, பாண்டுரான்ட் என்பவர்கள் நிலைநாட்டினர். புதிதாகப் படைப்பதைவிட, பிறந்ததைக் காப்பதே இங்கே பெருக்கும் வழி. முளைத்த நாற்றெல்லாம் பயிராவதில்லை. நீர் பாய்ந்த நாற்றே பயிராகும் என்பது உழவர் அறிந்ததன்றோ? இந்த ஏற்பியே இல்லாத எலிக்கரு, தாய் வயிற்றிலேயே சோகையால் மடிந்துவிடுகிறது என்பது 1995-இல் தெரியவந்தது.

சொல்லைக் கேட்பது எவ்வளவு அவசியமோ, கேட்டபின் அமைதியடைவதும் அவ்வளவு அவசியம். பள்ளி மணி அடித்தபின் ஓய வேண்டும். ஓயாது அடித்தால் அது மணியாகாது. ஏற்பியின் வாலின் கடைக்கோடியிலே, பாஸ்பேட் குறியை அழிக்கும் மற்றொரு நொதி வந்து அமர ஓரிடம் உண்டு. அது வந்ததும் செய்தி அடங்குகிறது. இந்த அடக்கும் இடம் இல்லாமல் பிறந்தவர் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். பின்லாந்து நாட்டின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்ட்யூரான்டா என்பவர் அவர். ஒலிம்பிக் பந்தயங்களிலே மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கங்கள் வென்றார். அவற்றுள் இரண்டு தங்கம் 1964-இல் இன்ஸ்புருக் நகரத்திலே பெற்றவை. அவருடைய குருதியில் ஹீமோகுளோபின் மிகுந்திருந்தமையால் அவர்மீது ஐயங்கள் எழுந்தன. 1993-இல் அவருடைய குடும்பத்தாரை ஆராய்ந்தபோது உண்மை விளங்கியது. அவர்களுடைய ஏற்பி மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் ஏற்பியின் வாலிலே 70 அமினோ அமிலங்கள் குறைந்துபோயின. செவி இருந்தது, அடக்கும் கை இல்லை. சிறிதளவு ஹார்மோனுக்கே அவருடைய மஜ்ஜை பெரிதாக விடை சொல்லியது. நெடுந்தொலைவுப் பந்தயத்திலே அது அவருக்கு இயற்கை அளித்த உதவியாயிற்று.

ஆனால் இவ்வகை மிகுதி எல்லார்க்கும் நன்மையாகிவிடாது. ஜாக்-2 நொதியிலே ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால், ஹார்மோன் வாராமலே அந்நொதி விழித்துக்கொண்டு ஓயாது ஆணையிடும். சிவப்பணுக்கள் அளவின்றிப் பெருகும் ஒருவகை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த மாற்றமே காரணம் என்று 2005-இல் கண்டனர். அவர்களுக்கு இரத்தம் உறைந்து மூளையிலும் இதயத்திலும் அடைக்கும் அபாயம் உண்டு. சொல்வார் இல்லாமலே கேட்கும் செவியும் நோயே.

இத்தனை நுட்பங்களையும் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் வினவலாம். என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சிறுநீரகங்கள் பழுதுபட்டன. ஆணை பிறக்கும் இடமே பழுதானபின் சிவப்பணு எங்கிருந்து வரும்? மாடி வகுப்புக்கு ஏறும்போது, படிக்கட்டின் நடுவிலே நின்று, சாளரத்தின் வழியே துறைமுகத்தைப் பார்ப்பவர்போல நடித்து, மூச்சு வாங்குவார். பிள்ளைகள் அறியாதிருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்டால் சில வாரங்கள் தெம்பாக இருப்பார். பின்பு பழையபடியே ஆகிவிடும். அப்போது மருத்துவர் எரித்ரோபாய்ட்டின் ஊசியைப் பரிந்துரைத்தார். அந்நாளில் அதன் விலை அதிகம். அவருடைய மனைவியார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒருநாள் அவர் என் பக்கத்தில் படியேறி வந்தார், இடையிலே நிற்கவில்லை. "கப்பல் பார்க்கவில்லையா, சார்?" என்று கேட்டேன். "அந்தக் கப்பலையெல்லாம் நிறையப் பார்த்தாயிற்று, சார்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். அவருடைய சிறுநீரகம் குணமாகவில்லை. இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் சிகிச்சை நிற்கவும் இல்லை. ஆயினும் மேலும் ஆறு ஆண்டுகள் அவர் கரும்பலகையின் முன் நின்று பாடம் சொன்னார். சிறுநீரகம் சொல்ல இயலாத சொல்லை ஊசி சொல்லியது. மஜ்ஜையின் ஏற்பி அதனைத் தன் சொந்தச் சிறுநீரகத்தின் சொல்லாகவே கேட்டுக்கொண்டது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கு அப்புதிய சிறுநீரகமே மீண்டும் அந்த ஆணையைப் பிறப்பிக்கும். நம் மாநிலத்தின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலேதான் 1971-இல் அவ்வறுவை மருத்துவம் இந்தியாவில் முதன்முதல் வெற்றியுடன் செய்யப்பட்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஊசி நல்லதாயின் இன்னும் மிகுதியாகக் கொடுத்து ஹீமோகுளோபினை முழு அளவுக்கு ஏற்றிவிடலாமே என்று சில மருத்துவர்கள் எண்ணினர். 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சிறுநீரக நோயாளிகளுக்கு 13-க்கு மேல் ஏற்ற முயன்றபோது இதயக் கோளாறுகளும் மரணங்களும் மிகுந்தன என்று காட்டியது. அதன்பின் இலக்கு குறைக்கப்பட்டது. நோயில்லாத விளையாட்டு வீரர் சிலரும் இம்மருந்தைக் கள்ளத்தனமாகப் போட்டுக்கொண்டதுண்டு. 1990-இல் ஒலிம்பிக் குழு அதனைத் தடை செய்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் அதனைக் கண்டுபிடிக்கும் சோதனை நடைமுறைக்கு வந்தது. பந்தயத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நெஞ்சில் குருதி உறைந்து போவதற்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

இறுதியாக, நம் வீட்டுக்கு வருவோம். ஆணை பிறந்து, செவி கேட்டு, அணு பிழைத்தாலும், அதனைக் கட்டுவதற்குச் சரக்கு வேண்டும். ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அணு பிரிந்து பெருக ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் வேண்டும். மும்பையின் ஏழைப் பெண்களின் கருக்காலச் சோகையை ஆராய 1928-இல் வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட் சாற்றினால் அது தீர்வதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே ஃபோலிக் அமிலம். 1945-இல் அமெரிக்காவிலே அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய குழுவின் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். மஜ்ஜையிலே ஆணையைக் கேட்ட இளம் அணுக்கள், எரித்ரோஃபெரோன் என்னும் வேறொரு ஹார்மோனை அனுப்பி, உடலின் இரும்புக் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்கின்றன என்பது 2014-இல் தெரியவந்தது. ஆனால் களஞ்சியமே வெறுமையாயின் திறந்து என்ன பயன்?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை உள்ளது. பாதிக்கு மேல்! உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தாய்மாரும் இதில் அடங்குவர். பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்து கண் சொருகும் மகளும் இதில் அடங்குவாள். அவளைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன், அவளுடைய நகமும் கண்ணின் உள்ளிமையும் வெளுத்திருக்கின்றனவா என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் பார்க்க வேண்டும். அவளுடைய சிறுநீரகம் இரவும் பகலும் ஆணை பிறப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது. மஜ்ஜையின் ஏற்பிகள் செவி சாய்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. இரும்பு ஒன்றுதான் வந்து சேரவில்லை.

மாணவிகளே, பள்ளியிலே வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நீங்கள் ஒளித்து வைப்பதும் தூக்கி எறிவதும் எனக்குத் தெரியாததன்று. வயிற்றைப் புரட்டுகிறது என்பீர்கள். உணவுக்குப் பின் விழுங்குங்கள். உடனே தேநீர் குடியாதிருங்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. முருங்கைக் கீரையும் பயறும் மலிவானவை. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் இருந்தால் கீரையின் இரும்பு நன்கு சேரும். நம் கரையிலே மீனுக்குப் பஞ்சமில்லை, உண்பவர்கள் உண்ணுங்கள். களைப்பு நீங்காவிட்டால் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு துளி இரத்தம் போதும்.

உங்களுக்குள்ளே விநாடிக்கு இருபது இலட்சம் முறை ஒரு சிறு செவி சொல்லைக் கேட்டுத் தன் கடமையைச் செய்கிறது. அதற்கு வேண்டிய சரக்கைக் கொடுப்பது உங்கள் கடமை.